வில்லன், ராஸ்கல், மாப்: ஆங்கிலம் சாதாரண சனங்களுக்கு வைத்த பெயர்கள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சினிமாவில் கதாநாயகனோடு மோதுபவர் வில்லன். அப்பாவுக்குக் கோபம் வந்தால் வாயில் வருவது ராஸ்கல். இரண்டையும் நாம் தமிழ்ச் சொல் மாதிரியே புழங்குகிறோம். இரண்டுக்குமே பிறப்பு ஒரே இடம்தான்: கீழே இருப்பவர்களைப் பார்த்து மேலே இருப்பவர்கள் சொன்னது. ஆங்கிலத்தில் இந்த வகைச் சொற்கள் ஏராளம். ஆங்கில இலக்கியம் படிப்பவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் இவற்றைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

வில்லன் என்றால் உண்மையில் யார்?

பண்ணையாள். லத்தீனில் வில்லா என்றால் நாட்டுப்புறத்துப் பண்ணை வீடு. இன்று ஈ.சி.ஆர். ஓரத்தில் நீச்சல் குளத்தோடு விற்கிறார்களே, அதே வில்லாதான். அந்தப் பண்ணையைச் சார்ந்து உழைத்தவர் வில்லானுஸ். அது பிரெஞ்சு வழியாக, நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, ஆங்கிலத்துக்குள் வந்தது.

1086இல் முதலாம் வில்லியம் மன்னர் ஆணைப்படி நாடு முழுக்க நிலம், ஆள், மாடு, ஏர் எல்லாவற்றையும் கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்குப் புத்தகத்துக்கு டூம்ஸ்டே புத்தகம் என்று பெயர். அதில் பதிவான ஆட்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கினர் இந்த வில்லானுஸ் வகை. அதாவது நாட்டிலேயே பெரிய கூட்டம் இவர்கள்தான். இவர்களிடம் உழுவதற்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. ஆனால் வாரத்தில் சில நாள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும், அவர் அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போகக் கூடாது என்ற நிலை பின்னால் இறுகியது. மகளுக்குக் கல்யாணம் செய்து வைக்கக்கூட பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும்.

இப்படிப்பட்ட ஆளின் பெயர்தான் முதலில் 'தாழ்ந்த பிறப்பு' என்றாகி, பிறகு 'தாழ்ந்த புத்தி' என்றாகி, அப்புறம் 'அயோக்கியன்' என்று முடிந்தது. 19ஆம் நூற்றாண்டில் நாடகத்தில் கெட்டது செய்யும் பாத்திரத்துக்கு அந்தப் பெயர் நிலைத்தது. நம்பியாரும் ரகுவரனும் அதை வாங்கிக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் வரலாறு எழுதுபவர்கள் இன்றும் பண்ணையாளைக் குறிக்கும்போது எழுத்துக்கூட்டலைச் சற்று மாற்றி எழுதி இருவரையும் பிரித்துவைக்கிறார்கள்.

தமிழ் வாசகர் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பட்டிக்காட்டான் என்ற சொல்லை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். நகரோடு ஒட்டிய நாகரிகம் பாராட்டு, பட்டிக்காடு வசவு.

ராஸ்கல்?

இது முதலில் ஒரு தனி ஆளைக் குறிக்கவே இல்லை. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அது மொத்தக் கும்பலின் பெயர்: படையில் கடைசி வரிசை, ஊரில் கடைசித் தெரு. பழைய பிரெஞ்சில் ரஸ்கைல். வேட்டைக்காரர்கள் இதே சொல்லை மான்களுக்கும் சொன்னார்கள். மந்தையில் மெலிந்த, கொம்பு சரியாக வளராத, அம்பு விட்டால் அம்புதான் வீண் என்று ஒதுக்கப்பட்ட மான்கள் ராஸ்கல்.

பிரெஞ்சில் இதன் உறவுச் சொல் ரகாய். அதன் காரம் இன்னும் குறையவில்லை. 2005 அக்டோபரில் பிரான்சின் உள்துறை அமைச்சராக இருந்த நிக்கோலா சர்கோசி, பாரிஸ் புறநகரான ஆர்ஜான்தேயில் நின்றுகொண்டு அந்தப் பகுதி இளைஞர்களில் ஒரு பகுதியினரை இந்தச் சொல்லால் குறிப்பிட்டார். இரண்டே நாளில் வேறொரு புறநகரில் போலீசுக்குப் பயந்து மின்நிலையத்துக்குள் ஒளிந்த இரண்டு சிறுவர்கள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். மூன்று வாரம் கார்கள் எரிந்தன. கலவரத்துக்குக் காரணம் அந்தச் சிறுவர்களின் சாவு. ஆனால் தெருவில் நின்ற பையன்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டியது அமைச்சரின் சொல்லை.

ஆங்கிலத்திலோ ராஸ்கல் பல் விழுந்த புலி. இன்று பேரனைக் கொஞ்சும் தாத்தா சொல்வது. நாம் மட்டும் பழைய கோபத்தோடு வைத்திருக்கிறோம்.

கலகக் கும்பலைக் குறிக்கும் மாப் என்ற சொல்லுக்கும் மொபைல் போனுக்கும் உறவு உண்டாமே?

உண்டு, ஒரே குடும்பம். லத்தீனில் மோபிலே வுல்குஸ் என்றால் 'நிலையில்லாத பொதுசனம்'. இன்று ஒருவனைத் தூக்கிவைத்து ஆடும், நாளை அவனையே கல்லால் அடிக்கும் என்ற பொருளில் படித்தவர்கள் சொன்னது. 1670களில் ஆங்கிலேயர் இதில் பாதியை வெட்டிவிட்டு, கூட்டத்தை 'மோபிலி' என்றே அழைத்தார்கள். அடுத்த பத்தாண்டில் அதையும் வெட்டி 'மாப்' ஆக்கினார்கள். அது இங்கிலாந்து அரசியல் கொதித்துக்கொண்டிருந்த காலம். இரண்டாம் சார்லஸ் மன்னருக்குப் பிறகு கத்தோலிக்கரான அவர் தம்பி அரியணை ஏறலாமா என்று கட்சி கட்டி, லண்டன் தெருக்களில் ஊர்வலமும் கொடும்பாவி எரிப்பும் நடந்த நேரம். புதிய வகைக் கூட்டத்துக்குப் புதிய பெயர் தேவைப்பட்டது.

இந்தச் சுருக்கம் 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜொனாதன் ஸ்விஃப்டுக்கு அடியோடு பிடிக்கவில்லை. 1710இல் ஒரு பத்திரிகையில், மாப் போன்ற சொற்களின் பரவலைத் தடுக்கப் பல வருடமாகத் தன்னால் ஆனதைச் செய்துவிட்டதாகவும் கூட்டம் தன்னை மீறிவிட்டதாகவும் புலம்பினார். இன்று வாட்ஸ்அப் சுருக்கெழுத்தைப் பார்த்து நம் தமிழாசிரியர்கள் வருந்துவது போலத்தான். ஸ்விஃப்ட் தோற்றார், மாப் ஜெயித்தது.

அந்த மாபில் இருந்தவர்கள் உண்மையில் யார்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கூட்டம் என்றாலே ஆட்சியாளர்களுக்கு ஒரு நடுக்கம் இருந்தது. 1715 ஆகஸ்டில் கலகச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 12 பேர் அல்லது அதற்கு மேல் கூடிக் கலகம் செய்தால், ஓர் அதிகாரி வந்து மன்னர் பெயரால் கலைந்து போகச் சொல்லும் அறிவிப்பைச் சத்தமாகப் படிப்பார். ஒரு மணி நேரத்தில் கலையாவிட்டால் மரண தண்டனைக்குரிய குற்றம். ஒருவரைக் கூப்பிட்டு வைத்துக் கடுமையாக எச்சரிப்பதை 'கலகச் சட்டத்தைப் படித்தார்' என்று ஆங்கிலத்தில் இன்றும் சொல்வது இதிலிருந்து வந்ததுதான். (இந்தியத் தண்டனைச் சட்டம் எழுதியவர்கள் இன்னும் கவனமானவர்கள். சட்டவிரோதக் கூட்டத்துக்கு அவர்கள் வைத்த எண்ணிக்கை ஐந்து.)

மாப் என்றதும் ஆங்கிலேயர் நினைவுக்கு வருவது 1780 ஜூனில் லண்டனில் நடந்த கார்டன் கலவரம். கத்தோலிக்கர்கள் மீதிருந்த சில தடைகளை 1778இல் ஒரு சட்டம் தளர்த்தியது. அதை நீக்கச் சொல்லி லார்ட் ஜார்ஜ் கார்டன் தலைமையில் பல்லாயிரம் பேர் நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். அது ஒரு வாரக் கலவரமானது. நியூகேட் சிறை எரிந்தது, கைதிகள் வெளியே வந்தார்கள். தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் வீடும் அவருடைய நூலகமும் சாம்பல். இங்கிலாந்து வங்கியையும் தாக்கப் பார்த்தார்கள். ராணுவம் சுட்டதில் ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள். எரிந்த சிறையின் சுவரில் 'மாட்சிமை தங்கிய மாப் மன்னர்' ஆணைப்படி கைதிகள் விடுவிக்கப்பட்டதாக யாரோ எழுதிவைத்தார்கள். அந்த பயத்தில் வங்கிக்கு இரவுக் காவலாகப் போட்ட ராணுவக் காவல் 1973 வரை தொடர்ந்தது!

சரி, யார் அவர்கள்? ஜார்ஜ் ரூடே என்ற வரலாற்றாசிரியர் 20ஆம் நூற்றாண்டின் நடுவில், கைதானவர்களின் நீதிமன்றப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். திருடர்களும் வேலையற்ற போக்கிரிகளும் வரிசையாக வருவார்கள் என்று எதிர்பார்த்திருந்தால் ஏமாற்றம்தான். பெரும்பாலும் கூலி வேலைக்காரர்கள், தொழில் பழகும் பையன்கள், வீட்டு வேலையாட்கள், சின்னக் கடைக்காரர்கள். தாக்கப்பட்ட வீடுகளிலும் ஏழைக் கத்தோலிக்கர் வீடுகளைவிட வசதியானவர்கள் வீடுகளே அதிகம். மத வெறி இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. வெறி இருந்தது, கூடவே வேறொரு கணக்கும் இருந்தது.

இன்னொரு வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்சன் 1971இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போகிறது. 18ஆம் நூற்றாண்டில் தானிய விலை ஏறும்போதெல்லாம் கூட்டம் சந்தைக்குள் புகும். புகுந்து கொள்ளையடித்திருக்கும் என்றுதான் நினைப்போம். பல இடங்களில் அவர்கள் செய்தது வேறு: மூட்டையைப் பிரித்து, தாங்கள் நியாயம் என்று கருதிய விலைக்கு விற்று, அந்தப் பணத்தை விவசாயியிடமோ வியாபாரியிடமோ கொடுத்தார்கள். சில நேரம் காலிச் சாக்கையும் திருப்பித் தந்தார்கள். இந்தக் கூட்டத்துக்கும் பத்திரிகைகள் வைத்த பெயர் மாப்தான்.

ராபிள்?

14ஆம் நூற்றாண்டில் இது விலங்குக் கூட்டத்துக்கும் பூச்சிக் கூட்டத்துக்கும் இருந்த பெயர். 16ஆம் நூற்றாண்டில் மனிதர்கள் மேல் வந்து உட்கார்ந்தது. சளசளவென்று பேசுவதைக் குறிக்கும் டச்சுச் சொல்லோடு தொடர்பு இருக்கலாம் என்பது ஒரு கருத்து. காது கொடுத்துக் கேட்டால் சொல்லே சளசளக்கிறது.

ரிஃப்ராஃப், டேக்ராக் என்று ஏன் இரட்டை இரட்டையாக வருகிறது?

நாம் 'நண்டு சிண்டு', 'ஏப்பை சாப்பை', 'குப்பன் சுப்பன்' என்று சொல்வதற்கு என்ன காரணமோ அதேதான். ஒருவரைத் தனி ஆளாக மதிக்காதபோது ஒலி அடுக்கத் தொடங்கிவிடுகிறது.

ரிஃப்ராஃப் பழைய பிரெஞ்சில் 'ரிஃப் எ ராஃப்'. ஒன்று கொள்ளையடிப்பதைக் குறிக்கும், மற்றது பறிப்பதை. சேர்த்துச் சொன்னால் 'ஒரு துரும்பு விடாமல் எல்லாம்' என்று அர்த்தம். போர்க்களத்தில் பிணங்களிடம் கிடைத்ததையெல்லாம் சுருட்டுகிறவன் பேச்சு. பிறகு அற்பச் சாமான்களுக்கு ஆகி, 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் அற்ப மனிதர்களுக்கு ஆனது.

டேக், ராக் இரண்டும் கிழிசல் துணி. கூடவே பாப்டெயில் என்று ஒன்றும் சேரும். அது வால் நறுக்கிய குதிரை அல்லது நாய். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரில் காஸ்கா, ரோமாபுரிக் கூட்டத்தை டேக்ராக் என்கிறான். வியர்வை நாறும் தொப்பியை மேலே வீசினார்கள் என்றும் மூக்கைப் பிடிக்கிறான். மேல்தட்டு மூக்குக்கு ஏழை வியர்வை எப்போதுமே ஒரு பிரச்சினை. கீழே குளியல் பற்றிய கேள்வியில் இது மறுபடி வரும்.

ஹாய் பொலாய் என்றால் உயர்ந்த இடத்து ஆட்களா?

பலர் அப்படி நினைத்துக்கொள்கிறார்கள், ஆங்கிலேயர்கள் உட்பட. நேரெதிர். கிரேக்கத்தில் ஹாய் என்பது பெயருக்கு முன் வரும் சுட்டு, பொலாய் என்றால் பலர். 'பெரும்பாலோர்' என்ற சாதாரணச் சொல். கிரேக்கம் படித்த ஆங்கிலக் கனவான்கள் அதை இகழ்ச்சியாக்கினார்கள். கேம்பிரிட்ஜில் சிறப்புத் தகுதி இல்லாமல் வெறும் பட்டம் வாங்கும் மாணவர்களுக்கு இதுவே பட்டப்பெயர்.

ஆங்கிலத்தில் இதற்கு முன்னால் இன்னொரு சுட்டும் போடுவார்கள். கணக்குப்படி அது கூறியது கூறல். நாம் 'நடு சென்டர்' என்பதில்லையா, அது மாதிரி. திருத்த வருபவர்களிடம், 17ஆம் நூற்றாண்டில் கவிஞர் டிரைடனும் அப்படித்தான் எழுதினார் என்று சொல்லிவிடலாம்.

விலங்குப் பெயர்களும் உண்டா?

நாய் முதலில். இத்தாலியில் கனாலியா என்றால் நாய்க்கூட்டம். அது பிரெஞ்சில் கனாய் ஆகி, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சு உச்சரிப்போடு திட்டுவது ஒரு கௌரவம் போலும்.

பன்றிக்குக் கதை பெரியது. 1790இல் எட்மண்ட் பர்க் பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து எழுதிய நூலில், கல்வியெல்லாம் ஒரு பன்றிக் கூட்டத்தின் குளம்படியில் மிதிபடும் என்றார். நம்மவர்களுக்கு இவர் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது குற்றம் சாட்டிய பர்க்காகத் தெரியும். இந்தியாவில் கம்பெனி செய்த அநியாயத்தைக் கேட்டவர், தன் நாட்டுச் சாதாரண சனங்களைப் பன்றி என்று எழுதினார் என்பது ஒருமாதிரியாகத்தான் இருக்கிறது.

பன்றிகள் சும்மா இருக்கவில்லை. தாமஸ் ஸ்பென்ஸ் என்ற ஏழைப் புத்தகக்காரர் 1793இல் ஒரு மலிவுப் பத்திரிகை தொடங்கி, அதற்கு 'பன்றித் தீனி' என்று பெயர் வைத்தார். டேனியல் ஐசக் ஈட்டன் அதே ஆண்டில் தொடங்கியது 'பன்றிக் கழுநீர்'. ஈட்டனின் பத்திரிகையில் தலை வெட்டப்பட்ட ஒரு கொடுங்கோல் சேவலின் கதை வந்தது. சேவல் மன்னரைத்தான் குறிக்கிறது என்று அரசு வழக்குப் போட்டது. மன்னரைக் கொடுங்கோலன் என்று நீங்கள்தானே அர்த்தம் செய்கிறீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. 1794இல் நடுவர் குழு ஈட்டனை விடுவித்தது.

'குளிக்காத பெருங்கூட்டம்' யார் சொன்னது?

புல்வர் லிட்டன், 1830இல் ஒரு நாவலின் முன்பகுதியில். உழைக்கும் மக்கள் எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் தொடராக அது ஒட்டிக்கொண்டது.

அவர்கள் ஏன் குளிக்கவில்லை? அதே இங்கிலாந்தில் 1712 முதல் சோப்புக்கு வரி இருந்தது. வரி ஏய்ப்பைத் தடுக்க, சோப்பு காய்ச்சும் பாத்திரங்களை அதிகாரிகள் இரவில் பூட்டிவிட்டுப் போவார்கள். 1833இல் வரியைப் பாதியாக்கினார்கள், 1853இல் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் அடியோடு எடுத்தார். ஆக, சோப்புக்கு வரி வாங்கிக்கொண்டே 'குளிக்காதவன்' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.

இப்படிப் பொருள் தாழ்ந்த சொற்கள் வேறு?

நிறைய. பண்டை ஆங்கிலத்தில் சேயோர்ல் என்றால் அடிமை அல்லாத, சொந்த உரிமையுள்ள குடியானவர். அவரைக் கொன்றால் கட்ட வேண்டிய உயிர்விலை 200 ஷில்லிங் என்று சட்டமே இருந்தது. பிரபு உயிருக்கு 1,200. அந்தச் சொல் சர்ல் ஆகி 'முரட்டுச் சிடுமூஞ்சி' என்றானது. இதன் இன்னொரு கிளை கார்ல், சார்லஸ் என்ற பெயர்கள். சார்லமேன் பேரரசரின் புகழால் போலந்து மொழியில் அரசன் என்பதற்கே அந்தப் பெயர்தான். ஒரே வேர், ஒரு நாட்டில் ராஜா, இன்னொரு நாட்டில் முரடன்.

பூர் என்றால் டச்சு மொழியில் உழவர், ஆங்கிலத்தில் நாகரிகம் தெரியாதவன். நேவ் என்றால் பையன். ஜெர்மனில் இன்றும் பையன்தான், ஆங்கிலத்தில் போக்கிரி. சீட்டுக்கட்டில் இருக்கும் ஜாக்கிக்கும் இந்தப் பெயர் உண்டு. லூட் என்றால் பாதிரியார் அல்லாத, லத்தீன் தெரியாத ஆள். இன்று ஆபாசம்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். ஜென்டில் என்றால் நல்ல குலத்தில் பிறந்தவர், இன்று மென்மையானவர். நோபிள் என்பது பதவி, இன்று குணம். சி. எஸ். லூயிஸ் 1960இல் சொற்களைப் பற்றி எழுதிய நூலில், அந்தஸ்தைச் சொல்லும் சொற்கள் ஒழுக்கத்தைச் சொல்லும் சொற்களாக மாறுவதைத் தனியாகவே எடுத்துக் காட்டினார். எழுதும் கோல் யார் கையில் இருந்தது என்ற விவரத்தையும் சேர்த்துக்கொண்டால் இந்தப் போக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

இன்றும் இவை வேலை செய்கின்றனவா?

2012 செப்டம்பரில் லண்டன் டவுனிங் தெரு வாசலில் சைக்கிளோடு வெளியேற முயன்ற ஆளுங்கட்சித் தலைமைக் கொறடா, காவலர்களை 'பிளெப்' என்று திட்டியதாகப் புகார். ரோமாபுரியின் சாதாரணக் குடிமக்களான பிளெப்ஸ்தான் அது. அவர் மறுத்தார், ஆனாலும் அடுத்த மாதம் பதவி விலகினார். பிறகு அவதூறு வழக்கிலும் தோற்றார். இரண்டாயிரம் வருடப் பழைய சொல் ஒரு பதவியைக் காவு வாங்கியது.

2000களில் பரவிய சாவ் என்ற வசவு, ஏழைக் குடியிருப்பு இளைஞர்களுக்கு. ரோமானி மொழியில் 'பையன்' என்ற சொல்லிலிருந்து வந்திருக்க வேண்டும். நேவ் போன பாதையிலேயே போயிருக்கிறது.

பரையா என்ற ஆங்கிலச் சொல் தமிழ்தானா?

ஆம். பறையர் என்ற பெயர் போர்ச்சுகீசியர் வாய்வழியாகப் போய், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் பதிவாகிவிட்டது. பறை ஒரு இசைக்கருவி. ஆங்கிலத்துக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை, 'ஒதுக்கப்பட்டவர்' என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டது. இன்று உலகம் ஒதுக்கும் நாட்டைக்கூட அந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். எழுதுபவர்களில் பெரும்பாலோருக்கு இது உயிரோடு இருக்கும் ஒரு சமூகத்தின் பெயர் என்பது தெரியாது. தமிழில் எழுதும் நாம் அந்த உவமையை அப்படியே கொண்டுவருவது தவறு. 'தனிமைப்படுத்தப்பட்ட நாடு' என்றால் போதுமே.

இந்தப் பெயர் தாழ்வோடு பிறந்ததில்லை என்பதற்குப் புறநானூற்றின் 335ஆம் பாட்டைக் காட்டலாம். துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற இந்த நான்கையும் தவிர வேறு குடிகள் இல்லை என்கிறார் மாங்குடி கிழார். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் தொடங்கிய பத்திரிகைக்கு வைத்த பெயர் 'பறையன்'. ஸ்பென்ஸ் லண்டனில் 'பன்றித் தீனி' விற்று அப்போது சரியாக நூறு வருடம். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பில் அச்சடித்துத் தெருவில் விற்பது என்ற துணிச்சல் இருவருக்கும் பொது. அயோத்திதாசர் அதை ஏற்கவில்லை, வேறு பெயர் வேண்டும் என்றார். 1907இல் அவர் தொடங்கியது 'ஒரு பைசாத் தமிழன்'.

மொழிபெயர்க்கும்போது இவற்றுக்கு என்ன போடுவது?

ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போடாதீர்கள். மாப் கோபத்தோடு நகரும் கூட்டம், அதற்குக் 'கும்பல்' பொருந்தும். பழைய செய்தித்தாள் வாசனை வேண்டுமானால் 'காலிகள்'. ஹாய் பொலாய்க்குக் 'குப்பனும் சுப்பனும்'. ரிஃப்ராஃபுக்குக் 'கண்டதும் கழியதும்' என்றால் அந்தச் சாமான் வாசனையும் வந்துவிடும். ராபிளுக்குச் சொல்பவர் யார் என்று பார்த்து முடிவெடுங்கள். பிரபு சொன்னால் 'அற்பக் கூட்டம்', கதைசொல்லி சும்மா சொன்னால் 'சனக்கூட்டம்'.

'பாமரர்' வேண்டாம். அதில் இரக்கம் இருக்கிறது. காஸ்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசும்போது அங்கே இரக்கத்துக்கு இடமில்லை.